அஞ்சு நிமிஷத்துல எறக்கிடுவோம் சார்

வேற யாராவது சொல்லி நீங்க சிரிக்கறதுக்குள்ள நானே சொல்லிடறேன். கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு நான் எடம் பாத்த மொத குடோன் ஏரிக்குள்ள இருந்துச்சு.

ஏரிக்கரையில இல்ல. ஏரிக்குள்ள. தண்ணிக்கு நட்ட நடுவுல. அத நான் கலர்ல பிரிண்ட் எடுத்து, செவப்புப் புள்ளி வெச்சு, லேமினேஷன் வேற பண்ணி எடுத்துக்கினு போயி மொதலாளி டேபிள்ல வெச்சேன். லேமினேஷன் பண்ணதுதான் இன்னிக்கும் மனசுல குத்துது. பேப்பரா இருந்திருந்தா கிழிச்சுப் போட்டிருக்கலாம்.

மொதலாளி பேரு ராஜமாணிக்கம். செஞ்சியில பிஸ்கட்டு, சோப்பு, ஜூஸ், வாட்டர் பாட்டில் ஏஜென்சி. சுத்துப்பட்டு கிராமத்துப் பொட்டிக்கட வரைக்கும் அவரு சரக்குதான். கண்ணாடியப் போட்டுக்கினு மேப்ப இந்தப் பக்கம் திருப்புனாரு, அந்தப் பக்கம் திருப்புனாரு.

"இது சேத்துப்பட்டு ரோட்டு ஏரிதான?"

"ஆமா சார். அதுக்குப் பக்கத்துல வருது."

"பக்கத்துல வரலப்பா. உள்ள வருது."

"கணக்குப்படி அதான் சார் ஆப்டிமம் பாயிண்ட்."

அவரு கண்ணாடியக் கழட்டுனாரு. "அப்ப லோடு எடுக்கறதுக்கு வண்டி வாங்கணுமா, தெப்பம் வாங்கணுமா?"

இந்தத் தொழிலுக்குப் புதுசா வர்ற பசங்களுக்காக சொல்றேன், அது எப்புடி ஏரிக்குள்ள போச்சுன்னா: ஒவ்வொரு கடையும் மேப்புல எங்க இருக்குது, மாசத்துக்கு எவ்ளோ சரக்கு எடுக்குது, இந்த ரெண்டையும் குடுத்தா எல்லாத்துக்கும் பொதுவா ஒரு நடுப்புள்ளி கெடைக்கும். சென்டர் ஆஃப் கிராவிட்டி முறைன்னு பேரு. நெறைய சரக்கு எடுக்கற ஊரு அந்தப் புள்ளிய தன் பக்கம் இழுத்துக்கும். மேல்மலையனூர்ல அம்மன் கோயிலுக்கு அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் அள்ளும், வியாபாரமும் அள்ளும். அது வடக்கால இழுத்துச்சு. மத்த ஊருங்க அதது தன் பக்கம் இழுத்துச்சு. இழுபறியில புள்ளி ஏரியில விழுந்துச்சு. கணக்குல ஒரு தப்பும் இல்ல. கணக்குக்கு ஏரின்னா இன்னான்னு தெரியாது. எனக்குத் தெரியும். நான் அந்த ஏரியில நீச்சல் அடிச்சவன்.

அப்புறம் ஒழுங்கா செஞ்சேன். நெசமா வாடகைக்குக் கெடைக்கற எடமா மூணு பாத்து, ஒவ்வொண்ணுலேந்தும் கடைங்களுக்கு ரோட்டு வழியா எவ்ளோ தூரம்னு போட்டேன். ரோட்டு வழின்னு அழுத்திச் சொல்றேன், ஏன்னா செஞ்சியச் சுத்தி பாறை மலை. மேப்புல கைய நீட்டுனா தொடற தூரத்துல இருக்கற ஊருக்கு ரோடு மலையச் சுத்திக்கினு போவும். கடைசியில திருவண்ணாமலை ரோட்டுல மூடிக் கெடந்த ரைஸ் மில்லு ஒண்ணு அமைஞ்சுது. குடோன் அங்க மாறினதுல டீசல் செலவு நல்லாவே எறங்குச்சு. மொதலாளி சந்தோஷப்பட்டாரு. ஆபீஸ்ல எனக்கு சாருன்னு பேரு வந்துச்சு.

மண்டையில கொஞ்சம் கனம் ஏறினது அப்பதான்.

ஆறு வண்டி

எங்க கிட்ட ஆறு குட்டியானை ஓடுச்சு. குட்டியானைன்னா தெரியும்ல, அந்த சின்ன சரக்கு வண்டி. அஞ்சு வண்டி ஏஜென்சியோடது. ஆறாவது மட்டும் அட்டாச் வண்டி, அதாவது சொந்த வண்டிய கொண்டாந்து நம்ம கிட்ட ஓட்றது. அது பிலோமினாக்காவோடது.

பிலோமினாக்காவுக்கு என்ன விட ஒரு நாலு வயசு கூட இருக்கும். அனந்தபுரத்துக்கு அந்தாண்ட, மாதா கோயில் இருக்கற ஒரு சின்ன ஊரு. வூட்டுக்காரரு கொல்லையில மல்லாட்ட, அதான் வேர்க்கடல, போடறாரு. மழை பேஞ்சா மல்லாட்ட, பேயலன்னா மாட்டுத் தீவனம். அதனால வூடு ஓடறது அந்த வண்டியிலதான். எங்க லைன் இல்லன்னா வண்டி சும்மா நிக்கும், வண்டி நின்னா வூடு நிக்கும். இது எனக்கு அப்பவே தெரியும். தெரியாதுன்னு சொல்ற வாய்ப்பு எனக்கு இல்ல.

அக்காவோட லைன் அனந்தபுரம், பனமலை, அத ஒட்டுன கிராமம் எல்லாம். பனமலை ஏரிக்கரை ரோட்டுல அந்த வண்டி வர்ற சத்தத்த வெச்சே கடைக்காரங்க வெளிய வந்து நிப்பாங்களாம். அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். என்ன தம்பின்னுதான் கூப்டும், மத்த எல்லாரும் சாருன்னு கூப்பிடறப்ப.

வண்டிங்க எப்புடி ஓடுச்சுன்னா, அவங்கவங்க மனசுக்குத் தோணின வரிசையில. பாஷா பாய்னு ஒரு டிரைவர், நல்ல மனுஷன், எங்க சுத்தினாலும் மதியம் சரியா அவரு வூட்டுத் தெருவுல வந்து நிப்பாரு. தேசூர், சீயமங்கலம் பக்கம் போற வண்டி ஒண்ணு, ஒரே ரோட்டுல காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. மேப்புல கோடு போட்டுப் பாத்தா, சின்னக் கொழந்த கையில ஸ்கெட்ச் குடுத்த மாதிரி இருக்கும்.

இந்தச் சிக்கல சரி பண்றதத்தான் வெஹிக்கிள் ரூட்டிங்னு சொல்றது. டிப்போ, அதாவது குடோன், ஒண்ணு; கடை நெறைய, வண்டி கொஞ்சம். எந்த வண்டி எந்தக் கடைக்கு, எந்த வரிசையில போனா மொத்த ஓட்டம் கொறையும்? எல்லா வரிசையையும் ஒண்ணொண்ணா போட்டுப் பாக்கணும்னா நம்ம ஆயுசு பத்தாது, கம்ப்யூட்டரோட ஆயுசும் பத்தாது. அதனால குறுக்கு வழி வெச்சிருக்காங்க. ஒண்ணு சேவிங்ஸ் முறை. ரெண்டு கடைக்குத் தனித்தனியா போயி வர்றதுக்கு பதிலா, ஒரே வண்டியில ஒண்ணுலேந்து இன்னொண்ணுக்குப் போனா எவ்ளோ மிச்சம்னு பாத்து, மிச்சம் அதிகமா இருக்கற ஜோடிய மொதல்ல முடிச்சுப் போடு. அப்படியே கோத்துக்கினு போ. அப்புறம் டூ-ஆப்ட்னு ஒண்ணு. ஒரு வண்டியோட ரூட்டு தன்னத்தானே வெட்டிக்கினு போவுதுன்னா, சிக்க அவுக்கற மாதிரி அந்த வெட்ட அவுத்துடு. தூரம் கொறையும். பூ கட்றவங்க கையப் பாத்தா இது இன்னும் நல்லாப் புரியும்.

எனக்கு இதெல்லாம் சென்னையில ஒரு கூரியர் கம்பெனியில பழக்கம். அங்க ஒரு நாளு ஆள் கொறைப்பு பண்ணாங்க. அந்தக் கொறைப்புல நானும் கொறைஞ்சு, செஞ்சிக்கே திரும்பி வந்து சேந்தேன். இதையும் ஒரு ஓரமா வெச்சுக்கங்க.

நான் கேட்ட ஒரே ஒரு கேள்வி

தூரம் மேப்புல கெடைச்சிடுது. வண்டியில எவ்ளோ ஏத்தலாம்னு தெரியும். தெரியாதது ஒண்ணே ஒண்ணு. கடையில நிறுத்தி சரக்கு எறக்கிட்டுக் கெளம்ப எவ்ளோ நேரம் ஆவும்? சர்வீஸ் டைம்னு சொல்லுவோம். அதக் குடுத்தாதான் ஒரு வண்டி ஒரு நாளைக்கு எத்தன கடை பாக்கும்னு சாஃப்ட்வேர் சொல்லும்.

காலையில மில்லு வாசல்ல லோடு ஏத்திக்கினு இருந்தாங்க. நான் சேரப் போட்டு, மடியில லேப்டாப்ப வெச்சுக்கினு, ஆறு பேரையும் வரிசையா கேட்டுக்கினு வந்தேன். பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்ஷன் வந்த மாதிரி. அந்த சேர அன்னிக்கு யாராவது ஒதைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"பாய், ஒரு கடையில எறக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

பாஷா பாய் லேப்டாப்பப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. "அஞ்சு நிமிஷத்துல எறக்கிடுவோம் சார்."

"நீங்க?"

"அஞ்சுதான் சார்."

"நீ?"

"எனக்கு நாலு போதும் சார். பொட்டிய வெச்சுட்டு வந்துனே இருப்பேன்."

இப்படியே வந்து கடைசியில பிலோமினாக்கா. கயிறு கட்டிக்கினே திரும்பாம சொல்லுச்சு. "இருபத்தஞ்சு."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சும்மா இல்லாம, "இன்னாக்கா, எறக்கிட்டு அங்கயே ஒலை வெச்சு சாப்டுட்டு வருவீங்களா?"ன்னு கேட்டேன். செம சிரிப்பு. பாஷா பாய் மட்டும் சிரிக்கல, எதையோ தேடற மாதிரி வண்டிக்கு அந்தாண்ட போயிட்டாரு. அத நான் கவனிச்சேன். கவனிச்சு இன்னா பிரயோஜனம்.

"சிரி. நீ கேட்ட, நான் சொன்னேன்"னு அக்கா கயித்த இறுக்குச்சு.

ராத்திரி சாப்டுட்டு உக்காந்து டேட்டா க்ளீன் பண்ணேன். பத்து பேரு ஒரு மாதிரி சொல்லி, ஒருத்தர் மட்டும் எட்ட நின்னா, அது அவுட்லையர், அதத் தூக்கிடணும்னு பாடம். அக்காவோட இருபத்தஞ்ச அழிச்சுட்டு, அங்கயும் அஞ்சு போட்டேன். மத்தவங்க வேகத்துக்கு ஏத்த மாதிரி அந்தம்மாவும் செய்யட்டும்னு ஒரு நெனப்பு. ரொம்ப நியாயமா நடந்துக்கற மாதிரி இருந்துச்சு அப்போ.

ரன் பண்ணேன். பூ மாதிரி ரூட்டு விரிஞ்சுது. ஒரு கோடு இன்னொரு கோட்ட வெட்டல. கீழ ஒரு வரி: தேவைப்படற வண்டி, அஞ்சு.

ஸ்டிக்கர்

மொதலாளி கேட்டாரு. "ஒண்ண நிறுத்தலாம்னா எத நிறுத்தறது?"

நான் யோசிக்கவே இல்ல. "ஸ்லோவா இருக்கறத சார்."

"பிலோமினாவையா? அது ரொம்ப நாளா ஓட்டுதேப்பா." கொஞ்ச நேரம் ஃபேன பாத்தாரு. "கம்ப்யூட்டரு சொல்லுதா?"

"சொல்லுது சார்."

கம்ப்யூட்டரு அஞ்சுன்னுதான் சொல்லுச்சு. யாருன்னு சொல்லல. ஆனா அந்த எடத்துல நான் 'சொல்லுது'ன்னுட்டேன். நம்ம மூஞ்சிய மறைச்சுக்க கம்ப்யூட்டர் மாதிரி வசதி வேற கெடையாது.

"அப்ப நீயே சொல்லிடுப்பா. எனக்கு வாய் வராது."

மறுநாள் காலையில அக்கா தார்ப்பாய் போட்டுக்கினு இருந்துச்சு. நான் கிட்டப் போனதும் மூஞ்சி மலர்ந்துச்சு. "இன்னா தம்பி, ஆளு குடுக்கப் போறியா?"

எந்த ஆளு, எதுக்கு ஆளுன்னு எனக்கு வெளங்கல. நான் வந்த வேலையில இருந்தேன். ரூட் ஆப்டிமைசேஷன்க்கா, யூட்டிலைசேஷன்க்கான்னு ஆரம்பிச்சேன். சென்னையில என்ன கூப்ட்டு உக்கார வெச்சு அந்த ஹெச்.ஆர். பொண்ணு பேசின அதே வார்த்தைங்க, ஒண்ணுகூட மாறாம என் வாயிலேந்து வருது. நான் கேட்டுக்கினே பேசறேன்.

அக்கா பாதியிலயே நிறுத்திடுச்சு. "லோடு ஏத்தியாச்சே."

"இன்னிக்கு லோடு நீங்களே போடுங்கக்கா. நாளையிலேந்துதான் வேணாம்."

தார்ப்பாயோட மறு மூலைய இழுத்துக் கட்டுச்சு. முடிச்சு சரியா இருக்குதான்னு ஒரு தடவ இழுத்துப் பாத்துச்சு. அப்புறம் கதவுல ஒட்டியிருந்த ஏஜென்சி ஸ்டிக்கரக் காட்டி, "இத நான் சுரண்டணுமா, நீ வந்து சுரண்டுவியா?"ன்னுச்சு.

அக்கா ஏறி, லைனுக்குப் போயி, எல்லாக் கடைக்கும் எறக்கிட்டு, சாயங்காலம் சாவகாசமா கணக்கு ஒப்படைச்சுட்டுப் போச்சு. அந்த அஞ்சு டிரைவருங்கள்ல ஒருத்தர் கூட அன்னிக்கு வாயத் தெறக்கல.

அமாவாசை

மொத வாரம் ஜோரா போச்சு. ரெண்டாவது வாரமும் பரவால்ல. அமாவாசை முடிஞ்ச கையோட ஆரம்பிச்சதால ஆர்டர் மந்தம். டிரைவருங்க மதிய சாப்பாட்ட ஸ்டீரிங்லயே முடிச்சாங்கன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். மொதலாளி வர்றவங்க போறவங்க கிட்ட, "நம்ம பையன், கம்ப்யூட்டர்லயே வண்டி ஓட்றான்"னு பெருமை. நானும் சட்டைய இன் பண்ணிக்கினு வர ஆரம்பிச்சேன்.

அடுத்த அமாவாசை நெருங்குச்சு. மேல்மலையனூர் பக்கம் ஆர்டர் எகிறுச்சு. ஸ்பெஷல் பஸ் வுடறதுக்கு முன்னாடி கடைங்களுக்கு சரக்கு போயி சேந்துடணும். கூட்டம் வந்துட்டா ரோட்டுல சரக்கு வண்டி நகராது. மொத நாளு வண்டிங்க பாதி லோடோட திரும்பி வந்துச்சு. ரெண்டாவது நாளும் அப்படியே. அக்காவோட அனந்தபுரம் லைன் கடைங்கள அஞ்சு வண்டிக்கும் பிரிச்சுப் போட்டிருந்தேன், அங்க ரெண்டு நாளா எந்த வண்டியும் போவல.

மேல்மலையனூர் கடைக்காரர் ஒருத்தர் ஃபோன்ல மொதலாளியப் புடிச்சாரு. ஸ்பீக்கர்லயே கேட்டுச்சு. "நாளான்னிக்கு அமாவாசை. வாட்டர் பாட்டில் இல்லாம நான் இன்னாத்த விக்கறது? கொடத்துல மொண்டு குடுக்கறதா? முடியலன்னா சொல்லு, திண்டிவனத்து ஏஜென்சி வாசல்ல நிக்கறான்."

மொதலாளி ஃபோன வெச்சாரு. என் சட்டைய ஏற எறங்கப் பாத்தாரு. "கம்ப்யூட்டர்ல ஓட்டுனது போதும். வண்டியில ஏறு."

பாஷா பாய் வண்டியில ஏறுனேன். மொத கடை வளத்தி. வண்டி நின்னதும் நான் வாட்ச்சப் பாத்தேன், அஞ்சு நிமிஷம் ஆரம்பிக்குது. கடையில நாலஞ்சு பேரு நின்னு வாங்கிக்கினு இருந்தாங்க. கடைக்காரம்மா எங்களப் பாத்து, "நில்லு பாய், வியாபாரம் நடக்குதுல்ல"ன்னுச்சு. நின்னோம். கூட்டம் போச்சு. பாய் ஒத்த ஆளா பொட்டிங்கள எறக்கி வெச்சாரு. கடைக்காரம்மா ஒவ்வொரு பொட்டியா எண்ணிச்சு. நடுவுல ஒரு பொடியன் வந்து சாக்லேட்டு கேட்டான், எண்ணிக்கை மறந்து போச்சு, மொதல்லேந்து எண்ணிச்சு. அப்புறம் உள்ள போயி, டேட் முடிஞ்ச பிஸ்கட்டு, எலி கடிச்ச சோப்பு எல்லாம் ஒரு பையில கொண்டாந்து, "இத மாத்திக் குடுத்துட்டுப் போ"ன்னுச்சு. அதுக்கு ஒரு பஞ்சாயத்து. கெளம்பறப்ப நான் வாட்ச்சப் பாக்கல. பாக்கற தைரியம் இல்ல.

ரெண்டாவது கடை அப்படியே. மூணாவது கடையில சாவி வூட்ல இருக்குதுன்னு ஒருத்தர் போனாரு.

வண்டியில ஏறினதும் கேட்டேன். "பாய், அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்களே."

பாய் கியரப் போட்டாரு. "சொன்னோம்."

"எந்தக் கடையில பாய் அஞ்சு நிமிஷம்?"

"எந்தக் கடையிலயும் இல்ல சார்."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"நீங்க சேர் போட்டு உக்காந்து, மடியில பொட்டிய வெச்சுக்கினு, எவ்ளோ நேரம் ஆவும்னு கேட்டா, எங்களுக்கு எப்புடிக் கேக்கும்? எவன் சோம்பேறின்னு கேக்கற மாதிரிதான் கேக்கும். நேரம் கூட சொன்னவன் சீட்டு கிழியும்னு தோணுச்சு. கிழிஞ்சுதே."

அப்புறம் நான் கேட்டேன், "அக்காவ நிறுத்தறப்பவாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அந்தம்மாவுக்கு பதிலா எங்கள்ல ஒருத்தன் போவணும். அதான் சார் பயம்." கியர மாத்திக்கினே, "பள்ளிவாசல்ல தொழுவறப்ப கூட அது ஞாபகம் வருது"ன்னாரு.

இத்தன நாளும் இவங்க எப்புடி ஓட்னாங்கன்னா, ஆறு வண்டியில அடிச்சுப் புடிச்சு, சில கடைக்கு நாளைக்குன்னு தள்ளி, சில கடையில எண்ணாம நம்பிக்கையில வெச்சுட்டு வந்து, எப்புடியோ சமாளிச்சிருக்காங்க. நான் அந்த ஆறாவது வண்டிய உருவுனதும் மொத்தமும் சரிஞ்சுடுச்சு.

சாயங்காலம் மில்லுக்குத் திரும்பி, அந்த அழிச்ச இருபத்தஞ்ச எடுத்தேன். எல்லாக் கடைக்கும் அதப் போட்டு மறுபடியும் ரன் பண்ணேன். அஞ்சு வண்டிக்கு சாஃப்ட்வேர் இன்ஃபீசிபிள், அதாவது தீர்வே இல்லன்னுடுச்சு. ஆறு வண்டிக்குக் குடுத்தேன். முக்கி மொனகிக்கினு ஒண்ணு குடுத்துச்சு, அதுலயும் எல்லா வண்டியும் நாள் முழுக்க மூச்சு முட்ட ஓடுது. அதே சாஃப்ட்வேர், அதே மேப்பு. ஒரே ஒரு நம்பர்தான் வேற.

பசங்களுக்கு சொல்றது இதுதான். ஆப்டிமம்னா ஒசத்தியான பதில்னு அர்த்தம் இல்ல. நீ உள்ள போட்டதுக்கு ஒசத்தியான பதில். பொய்யப் போட்டா அதுக்கும் ஒரு அழகான பதில் கெடைக்கும், கோடு ஒண்ணு கூட வெட்டிக்காம.

அந்த அமாவாசைய மொதலாளி ரெண்டு வாடகை வண்டி வுட்டு ஒப்பேத்துனாரு. மேல்மலையனூர் கடை தப்பிச்சுது. அனந்தபுரம் லைன்ல ரெண்டு கடை திண்டிவனத்துக்காரன் கிட்ட போயிடுச்சு, இன்னும் திரும்பல. எல்லாத்தையும் மொதலாளி கிட்ட சொன்னேன், அழிச்சது உட்பட. அவரு ரொம்ப நேரம் கத்தல, அதான் கஷ்டமா இருந்துச்சு. "போயி அந்தம்மாவக் கூட்டுனு வா. வரலன்னா நீ வராத"ன்னாரு.

மூங்கிலும் சேரும்

போனேன். அக்கா வூட்டு வாசல்ல குட்டியானை நிக்குது. உள்ள மூங்கில், ஷாமியானா துணி, அடுக்கி வெச்ச சேரு. வண்டி கதவுல ஸ்டிக்கர் இருந்த எடம் மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சு.

"வா தம்பி. கல்யாணம் ஏதாவது இருக்குதா வூட்ல? பந்தல் லோடு ஏத்தறேன் இப்ப."

நான் நின்னுக்கினே எல்லாத்தையும் சொன்னேன். அஞ்சு நிமிஷம், அவுட்லையர், இன்ஃபீசிபிள். பேசப் பேச கொஞ்சம் உற்சாகமாவே ஆயிட்டேன், ஏன்னா விஷயம் அவ்ளோ அழகா இருக்குது, ஒரு நம்பர் மாறினா தீர்வே இல்லாம போறது. அக்கா மூங்கில எறக்கிக்கினே கேட்டுச்சு.

"அன்னிக்கு நான் ஏன் இருபத்தஞ்சுன்னேன் தெரியுமா?"

"உண்மைய சொன்னீங்க."

"உண்மையாவது ஒண்ணாவது. தனியா எறக்கறதுல இடுப்பு வுட்டுப் போச்சு. இவ்ளோ நேரம் ஆவுதுன்னு தெரிஞ்சா ஒரு லோடுமேன் ஆளு போட்டுக் குடுப்பீங்கன்னு பாத்தேன். நீ கிட்ட வந்தப்ப அதான் வந்துருக்குதுன்னு நெனச்சேன்."

மன்னிச்சிடுங்கக்கான்னு சொன்னேன். அது எங்களுக்கு நடுவுல அந்த மூங்கில் பக்கத்துலயே கெடந்துச்சு, அக்கா எடுத்துக்கல.

"இப்ப வர முடியாது. வைகாசி முழுக்க கல்யாணம். வாய் குடுத்துட்டேன். நான் குடுத்தா குடுத்ததுதான்."

வெறுங்கையோட வந்து மொதலாளி கிட்ட சொன்னேன். அவரு என்ன வராதன்னு சொல்லல, வாடகை வண்டிக்கு ஏற்பாடு பண்ணாரு. அக்கா அப்புறம் வந்துச்சுதான். என் மன்னிப்புக்கு இல்ல. ஆடி மாசம் பொறந்துச்சு, கல்யாணம் நின்னுச்சு, பந்தலுக்கு ஓட்டம் இல்ல. ரெண்டு கண்டிஷன் போட்டுச்சு. ஒண்ணு, கூட ஒரு லோடுமேன். ரெண்டாவது, ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன். மொதலாளி ரெண்டுக்கும் தலையாட்டுனாரு. இப்ப எல்லா வண்டியிலயும் ஒரு லோடுமேன் இருக்காரு, அந்த இருபத்தஞ்சு நல்லாவே கொறைஞ்சிருக்குது. பாஷா பாய் அக்கா வந்த அன்னிக்கு ஒரு பொட்டலம் பிரியாணி கொண்டாந்து வண்டி சீட்ல வெச்சுட்டுப் போனாரு. அக்கா தின்னுட்டு, "உப்பு கம்மி"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுச்சு.

நானும் திருந்திட்டேன்னுதான் நெனச்சுக்கினு இருந்தேன். இப்பல்லாம் எந்த லைன்லயும் ஒரு நம்பர உள்ள போடறதுக்கு முன்னாடி நானே ஒரு நாளு அந்த வண்டியில போறேன். சேர் போட்டுக் கேக்கறத வுட்டுட்டேன். தொழில்ல நான் கத்துக்கிட்ட பெரிய பாடம் அதான்னு, போன வாரம் பனமலை ஏரிக்கரை ரோட்டுல வண்டியில உக்காந்துக்கினு அக்கா கிட்டயே சொன்னேன். கொஞ்சம் பாராட்டு எதிர்பாத்தேன்னு வெச்சுக்கங்களேன்.

"யாரு சொன்னாலும் இப்ப நம்பறதில்லக்கா. நேர்ல வந்து பாத்துட்டுத்தான்."

"அன்னிக்கு மட்டும் நீ யாரையும் நம்பலயா? அஞ்சு பேர நம்புன இல்ல?"

"அஞ்சு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்களேக்கா, அதனாலதான."

அக்கா ரோட்டுலேந்து கண்ண எடுக்கல.

"அதெல்லாம் இல்ல. அவங்க சொன்னது உனக்குப் புடிச்சிருந்துச்சு."